ஒரு பழைய லேசர்ஜெட்டும் ஒரு பொது வரிசையும்: பள்ளி அலுவலகத்தில் அச்சு வழங்கி

பலர் ஒரே அச்சுப்பொறியைப் பயன்படுத்தும் இடத்துக்குப் போனால், அச்சாக வேண்டிய கோப்புகள் எங்கே காத்திருக்கின்றன என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஐந்து கணினிகள் தனித்தனியே அச்சுப்பொறியோடு பேசினால் ஐந்து வரிசைகள் உண்டாகின்றன. ஒருவருடைய வரிசை இன்னொருவருக்குத் தெரியாது. காகிதம் சிக்கி அச்சு நின்றுபோனால், யாருடைய கோப்பு நடுவில் நிற்கிறது, யாருடையது அதற்குப் பின்னால் இருக்கிறது என்று சொல்ல அங்கே ஆள் இருப்பதில்லை. அச்சு வழங்கி (எல்லோருடைய கோப்புகளையும் வாங்கி அச்சுப்பொறிக்கு அனுப்பும் பொதுக் கணினி) ஒன்றை அமைப்பதன் முழுப் பயனும் இந்த வரிசைகளை ஒரே இடத்துக்குக் கொண்டுவருவதிலும், அந்த ஒரே வரிசையை அலுவலகத்தார் அனைவரும் பார்க்கும்படி வைப்பதிலும்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. கேபிள் இல்லாமல் அச்சிடுவது, கைப்பேசியிலிருந்து அச்சிடுவது போன்ற வசதிகள் எல்லாம் அதன் பிறகு வந்து சேர்பவை.

எங்கள் ஊரில் ஒரு பள்ளி அலுவலகத்தின் கணினிகளை நான் பராமரித்து வருகிறேன். அங்கே இருப்பது எச்பி லேசர்ஜெட் 1020. 2005இல் சந்தைக்கு வந்த மாடல். தமிழ்நாட்டில் ஜெராக்ஸ் கடை, ஆடிட்டர் அலுவலகம், பத்திர எழுத்தர் மேசை என்று எங்கே போனாலும் இதையோ கேனன் எல்பிபி2900ஐயோ இன்றும் பார்க்கலாம். இதற்கான 12ஏ டோனரைச் சின்ன ஊர்களில்கூட ரீஃபில் செய்து தருகிறார்கள், உதிரி பாகங்கள் கிடைக்கின்றன, பழுது பார்ப்பவர்களுக்கு இதன் உள்ளமைப்பு மனப்பாடம். நன்றாக ஓடும் இயந்திரத்தை, நெட்வொர்க் வசதி இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தூக்கிப் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இதில் யுஎஸ்பி இணைப்பு ஒன்று மட்டுமே உண்டு. ஈதர்நெட்டும் இல்லை, வைஃபையும் இல்லை.

இத்தகைய அச்சுப்பொறியை வைத்திருப்பவர்கள் பொதுவாக என்ன செய்கிறார்கள் என்றால், எழுத்தரின் கணினியில் அதைச் செருகி, விண்டோஸின் ஷேரிங் வசதி வழியாக மற்ற கணினிகளுக்குத் திறந்துவிடுகிறார்கள். எழுத்தர் விடுப்பில் போய் அவருடைய கணினி அணைந்திருந்தால் அன்று யாருக்கும் அச்சு இல்லை. போதாக்குறைக்கு, 2021 செப்டம்பரில் வந்த விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு, பகிர்ந்த அச்சுப்பொறியை இணைக்கப் போனால் '11பி' என்று முடியும் பிழை எண் ஒன்று வந்து பல அலுவலகங்களில் வேலை நின்றது. கணினிகளுக்கு இடையே அச்சுத் தொடர்பைப் பாதுகாப்பாக்க மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த கட்டாயத்தின் விளைவு அது. விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கினால் சரியாகிவிடும் என்று யூடியூபில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பூஜ்யம் புதிதாக வந்த பாதுகாப்பை அணைத்துவிடுகிறது என்பதை அவர்களில் பலர் சொல்லவில்லை. அச்சுப்பொறி ஒரு தனி மனிதரின் கணினியைச் சார்ந்திருக்கக்கூடாது, அதற்கென்று எப்போதும் விழித்திருக்கும் சிறு கணினி ஒன்று வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

நாங்கள் எடுத்துக்கொண்டது ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு பலகைக் கணினி; இனி அதைப் 'பை' என்றே சொல்கிறேன். அதில் டெபியன் லினக்ஸ் அடிப்படையிலான ராஸ்பெர்ரி பை இயங்குதளமும், கப்ஸ் என்ற அச்சு நிரலும் உள்ளன. பை ஜீரோ போன்ற சின்னப் பலகையும் வேலை செய்யும். ஆனால் ஸ்கேன் செய்த பக்கங்கள் நிறைந்த பிடிஎஃப் கோப்பு வந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் புள்ளிகளாக மாற்ற அது திணறும். பழைய மடிக்கணினி ஒன்று சும்மா கிடந்தால் அதுவும் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும்.

கப்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மைக்கேல் ஸ்வீட் என்பவர் 1997இல் எழுதத் தொடங்கி 1999இல் வெளியிட்ட நிரல் அது. 2002இல் ஆப்பிள் தன்னுடைய மேக் இயங்குதளத்தில் அதைச் சேர்த்துக்கொண்டது. 2007இல் அவரையே வேலைக்கு எடுத்து மூலநிரலையும் வாங்கியது. 2019 இறுதியில் அவர் ஆப்பிளை விட்டு வெளியேறியபின், டில் கம்ப்பீட்டர் வழிநடத்தும் ஓப்பன்பிரிண்டிங் அமைப்பு அந்தப் பொறுப்பைக் கையில் எடுத்து, 2021இல் 2.4 பதிப்பை வெளியிட்டது. லினக்ஸில் அச்சிடுவது இன்று இவ்வளவு இயல்பாக நடக்கிறது என்றால் அதற்குப் பின்னால் இந்தச் சிலருடைய நீண்ட உழைப்பு இருக்கிறது; அவர்களுக்கு நாம் உண்மையிலேயே கடமைப்பட்டிருக்கிறோம்.

கப்ஸின் அடிப்படை ஐபிபி என்ற இணைய அச்சு நெறிமுறை. இதன் அருமை, இதற்கு முந்தைய இரண்டு வழிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் விளங்கும். பெர்க்லி யூனிக்ஸிலிருந்து வந்த எல்பிடி நெறிமுறை 515ஆம் போர்ட்டில் (போர்ட் என்பது கணினியில் ஒரு சேவைக்கு உரிய வாயில் எண்) இயங்குவது. வரிசை பற்றி அதனிடம் கேட்கலாம், ஆனால் வரும் விடை மனிதர் படிக்கும் வெறும் எழுத்தாகத்தான் இருக்கும், கணினி புரிந்துகொள்ளத் தக்க ஒழுங்கு அதில் இல்லை. அச்சுப்பொறியை நெட்வொர்க்கில் இணைக்கும் எச்பியின் ஜெட்டைரக்ட் அட்டைகளால் பரவிய 9100ஆம் போர்ட் வழி இன்னும் எளிமையானது: பைட்டுகளைக் கொட்டிவிட்டுப் போய்விட வேண்டியதுதான். 631ஆம் போர்ட்டில் இயங்கும் ஐபிபி 1999இல் முதல் வரையறையைப் பெற்றது. இதில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைச் சொல்லி 'இது எந்த நிலையில் இருக்கிறது, ரத்து செய்யலாமா, நிறுத்தி வைக்கலாமா' என்று எந்தக் கணினியிலிருந்தும் கேட்டுத் தெளிவான விடையைப் பெறலாம். பொது வரிசை என்று நான் சொல்வது இந்த நெறிமுறையால்தான் சாத்தியமாகிறது.

நிறுவுவது எளிது. கப்ஸை நிறுவி, உங்கள் பயனர் கணக்கை அச்சு நிர்வாகக் குழுவில் சேர்த்து, உலாவியில் அந்தச் சிறு கணினியின் முகவரியோடு 631 என்ற போர்ட் எண்ணைத் தட்டினால் நிர்வாகப் பக்கம் திறக்கும். அங்கே அச்சுப்பொறியைச் சேர்த்து, பகிர்வதற்கான பெட்டியில் டிக் செய்தால் போதும். வரிசையின் பெயரில் இடைவெளி கூடாது. விவரத்துக்கான இடத்தில் மட்டும் தமிழிலேயே 'அலுவலக அச்சுப்பொறி' என்று எழுதிவையுங்கள். ஆசிரியர்களின் கைப்பேசியில் அச்சுப்பொறிப் பட்டியலைத் திறக்கும்போது தமிழிலேயே அது வந்து நிற்பது மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

லேசர்ஜெட் 1020க்கு மட்டும் இதற்கு மேல் ஒரு வேலை உண்டு. அதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த மாடலைப் பையில் இணைப்பவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து கைவிடுகிறார்கள்.

இந்த அச்சுப்பொறியின் நினைவகம் 2 மெகாபைட். ஓர் ஏ4 பக்கத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற கணக்கில் கறுப்பு வெள்ளையாக விரித்தால் அது ஏறத்தாழ 4 மெகாபைட்டுக்கும் மேல் வரும். ஆகவே பக்கத்தை உருவாக்கும் வேலை முழுவதையும் கணினியே செய்து, ஜேபிக் முறையில் சுருக்கி, ஒருவகைத் தனி மொழியில் அனுப்ப வேண்டும். அச்சுப்பொறி அதை விரித்துக் காகிதத்தில் ஏற்றுவதோடு சரி. விலையைக் குறைப்பதற்காக இப்படிச் செய்தார்கள். அதே காரணத்துக்காக, அச்சுப்பொறியின் சொந்த இயக்க நிரலான ஃபர்ம்வேரையும் அதற்குள் நிலையாகப் பதித்துவைக்கவில்லை. ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் கணினிதான் அந்த ஃபர்ம்வேரை அதற்குள் அனுப்ப வேண்டும். விண்டோஸில் டிரைவர் இதைச் சத்தமில்லாமல் செய்துவிடுவதால் யாருக்கும் இது தெரிவதில்லை.

லினக்ஸில் இதற்கு ஃபூ2இசட்ஜேஎஸ் என்ற டிரைவர் உள்ளது. டிரைவர் டெபியனின் தொகுப்பிலேயே கிடைக்கிறது. ஆனால் ஃபர்ம்வேர் கோப்பு எச்பியின் உடைமை என்பதால் அது தொகுப்பில் இருக்காது, தனியாக இறக்கிச் சேர்க்க வேண்டும். அதைச் சேர்க்காமல் அச்சுக் கொடுத்தால் நடப்பது இதுதான்: கப்ஸின் பக்கத்தில் வேலை முடிந்தது என்று வரும், அச்சுப்பொறியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும், காகிதம் மட்டும் அசையாது. பிழைச் செய்தி எதுவும் எங்கும் இராது. அச்சுப்பொறி யுஎஸ்பி வழியே சொல்லும் தன் அடையாள வரியைப் படித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்: ஃபர்ம்வேர் ஏறியிருந்தால் அந்த வரியில் ஃபர்ம்வேரின் பதிப்பு எண் இருக்கும், ஏறாவிட்டால் அந்தப் பகுதியே இருக்காது. நான் இந்த அடையாள வரியைத்தான் முதலில் பார்ப்பேன். அச்சுப்பொறி யுஎஸ்பியில் தோன்றியவுடன் ஃபர்ம்வேரை ஏற்றும்படி லினக்ஸின் யுடெவ் விதி ஒன்று டிரைவரோடு வருகிறது. அந்த விதி வேலை செய்கிறதா என்று அறிய, அச்சுப்பொறியை மட்டும் அணைத்து மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். பையை மறுதொடக்கம் செய்து பார்த்தால் போதாது, ஏனென்றால் அன்றாட வாழ்வில் நடக்கப்போவது முன்னதுதான்.

அன்றாட வாழ்வு என்றது மின்வெட்டைத்தான். லேசர் அச்சுப்பொறியை யுபிஎஸ்ஸில் இணைக்கக்கூடாது. டோனர் பொடியை உருக்கிக் காகிதத்தில் ஒட்டவைக்கும் சூடேற்றி, வேலை தொடங்கும் நொடியில் பல நூறு வாட் இழுக்கும். மேசைக்கடியில் இருக்கும் சிறு யுபிஎஸ் அதைத் தாங்காது. ஆனால் பையும் ரவுட்டரும் சேர்ந்தே மிகக் குறைவான மின்சாரத்தைத்தான் எடுக்கின்றன. அவற்றைக் கட்டாயம் யுபிஎஸ்ஸில் வைக்க வேண்டும். இப்படிப் பிரித்து வைத்தபின், மின்சாரம் போனால் அச்சுப்பொறி மட்டுமே அணைகிறது. வழங்கி விழித்திருக்கிறது, வரிசை அப்படியே இருக்கிறது, ஆசிரியர்கள் மடிக்கணினியிலிருந்தும் கைப்பேசியிலிருந்தும் தொடர்ந்து கோப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கலாம். மின்சாரம் வந்ததும் ஃபர்ம்வேர் ஏறுகிறது, அடுத்த சில நொடிகளில் காத்திருந்த பக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வருகின்றன. காலாண்டுத் தேர்வு நேரத்தில் இதை நேரில் பார்த்த தலைமையாசிரியர், "இது முதலிலேயே நமக்கு இருந்திருக்கக் கூடாதா சார்?" என்றுதான் கேட்டார். பையின் எஸ்டி அட்டை திடீர் மின்தடையில் கெட்டுப்போவதும் இந்த ஏற்பாட்டால் பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது.

அடுத்தது முகவரி. வழங்கியின் ஐபி முகவரி நாளுக்கொன்றாக மாறினால் அமைத்த வேலை அத்தனையும் வீண். ரவுட்டரின் அமைப்பில் பையின் மேக் முகவரிக்கென்று (நெட்வொர்க் கருவி ஒவ்வொன்றுக்கும் உரிய அடையாள எண்) ஓர் ஐபி முகவரியை ஒதுக்கிவிடுங்கள். பையிலேயே நிலை முகவரி எழுதுவதைவிட இது மேலானது, எந்த முகவரி யாருக்கு என்ற கணக்கு ரவுட்டரில் ஒரே இடத்தில் இருக்கும். கைப்பேசிகள் அவாஹி என்ற சேவை பரப்பும் அறிவிப்பைக் கேட்டு அச்சுப்பொறியைத் தாமாகவே கண்டுபிடித்துக்கொள்ளும். ஐஃபோன் இதை ஆப்பிளின் கேபிளில்லா அச்சு முறையான ஏர்பிரிண்ட் கொண்ட அச்சுப்பொறி என்றே எடுத்துக்கொள்கிறது; ஆண்ட்ராய்டில் கைப்பேசியோடு வரும் அச்சுச் சேவையோ மோப்ரியா செயலியோ போதும். கைப்பேசி கண்டுபிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் முதலில் அவர் எந்த வைஃபையில் இருக்கிறார் என்று பாருங்கள். விருந்தினர் வைஃபையில் இருப்பவர்களும், ஒரு கருவி மற்றொன்றைப் பார்க்கவிடாத தனிமைப்படுத்தல் அமைப்பு இயங்கும் வைஃபையில் இருப்பவர்களும் இந்த அறிவிப்பைக் கேட்க முடியாது.

விண்டோஸ் கணினிகளில் ஷேரிங் வழியாகப் போகாமல், அச்சுப்பொறியைச் சேர்க்கும் இடத்தில் வழங்கியின் இணைய முகவரியை 631 என்ற எண்ணோடும் வரிசையின் பெயரோடும் கொடுத்துச் சேர்க்க வேண்டும். விண்டோஸ் 10, 11இல் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் பொதுவான ஐபிபி டிரைவரே அமர்ந்துகொள்ளும். அமராவிட்டால் பட்டியலில் உள்ள பொதுவான போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவர் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கணினி போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க விவரிப்பு மொழியில் அனுப்பும், அதை 1020க்குப் புரியும் மொழிக்கு மாற்றுவது வழங்கியின் பொறுப்பு. இதில் உள்ள பெரிய நிம்மதி, லேசர்ஜெட் 1020இன் டிரைவர் இனி எந்தக் கணினியிலும் தேவையில்லை என்பதே. அச்சுப்பொறி நிறுவனங்கள் தரும் பழைய பாணி டிரைவர்களுக்கான ஆதரவைப் படிப்படியாக முடித்துக்கொள்ளப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்திருக்கும் நிலையில், டிரைவர் வழங்கியில் மட்டும் இருப்பது பழைய அச்சுப்பொறிகளின் ஆயுளை நீட்டிக்கும்.

காகித அளவில் கவனம் வையுங்கள். வரிசையின் இயல்பு அளவு அமெரிக்க லெட்டர் என்று இருந்தால், ஏ4 காகிதத்தில் ஓரம் வெட்டுப்பட்டோ நகர்ந்தோ வரும். அதை ஏ4 என்று மாற்றிவிட வேண்டும். அரசு அலுவலகப் படிவங்களில் லீகல் அளவு இன்னும் புழக்கத்தில் இருப்பதால், ஒரே அச்சுப்பொறிக்கு ஏ4 என்று ஒரு வரிசையும் லீகல் என்று இன்னொரு வரிசையும் அமைத்திருக்கிறேன். கப்ஸ் இதை அனுமதிக்கிறது. ஒரு வரிசை அச்சுப்பொறியைப் பிடித்திருக்கும்போது மற்றது அது விடுபடும்வரை காத்திருக்கும். பொது வரிசை ஒன்றே ஒன்று என்ற என் கொள்கைக்கு இது சிறு விலக்குதான், ஆனாலும் இரண்டும் ஒரே பக்கத்தில் தெரிவதால் குழப்பம் இல்லை.

இனி, நிர்வாகம் என்று சொல்லத்தக்க முதல் விஷயத்துக்கு வருகிறேன்: பிழை வந்தால் வரிசை என்ன செய்ய வேண்டும் என்ற கொள்கை. கப்ஸில் இதற்கு நான்கு தேர்வுகள் உண்டு. அந்த ஒரு கோப்பைக் கைவிட்டு அடுத்ததற்குப் போகலாம். அதைத் தள்ளிவைத்துப் பிறகு முயலலாம். அதையே உடனே மறுபடி முயலலாம். அல்லது வரிசை முழுவதையும் நிறுத்திவிடலாம். வரிசையை நிறுத்துவது என்ற தேர்வு இருக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு காகிதம் சிக்குகிறது, வரிசை நிற்கிறது. தமிழாசிரியை அச்சு வரவில்லையே என்று மறுபடி கொடுக்கிறார். இரண்டு நிமிடம் பொறுத்து இன்னொரு முறை கொடுக்கிறார். பக்கத்து அறையிலிருந்து கணக்காசிரியரும் அப்படியே செய்கிறார். யாரோ ஒருவர் காகிதத்தை எடுத்துவிட்டுப் போகிறார், வரிசை மட்டும் நின்றே இருக்கிறது, ஏனென்றால் அதை நிர்வாகி ஒருவர் கைதொட்டுத் தொடங்கிவைக்க வேண்டும். மாலையில் யாரோ தொடங்கிவைத்ததும் ஒரே வினாத்தாள் பல படியாக வெளியே வந்து விழுகிறது. ஒரு கட்டுக் காகிதம் வீணாகிறது.

ஆகவே இத்தகைய அலுவலகங்களுக்கு, தள்ளிவைத்துப் பிறகு முயலும் கொள்கையே ஏற்றது. கப்ஸின் இயல்பு அமைப்பில் 30 நொடிக்கு ஒருமுறை என்று 5 முறை முயலும். அந்த 5ஐக் கூட்டிவிட்டால் மின்வெட்டு நேரத்துக்கும் தாக்குப்பிடிக்கும். இதைவிட முக்கியமானது, மறுபடி அச்சுக் கொடுப்பதற்கு முன் வரிசையைப் பார்க்கும் பழக்கத்தை எல்லோரிடமும் உண்டாக்குவது. அச்சுப்பொறிக்கு மேலே சுவரில் ஒரு கியூஆர் குறியை ஒட்டியிருக்கிறேன். கைப்பேசியைக் காட்டினால் வழங்கியின் வரிசைப் பக்கம் திறக்கும். எத்தனை கோப்புகள் காத்திருக்கின்றன, அச்சுப்பொறி எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும். "என் பேப்பர் போயிடுச்சா சார்?" என்று என்னை அழைப்பது இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

இரண்டாவது விஷயம் அந்தரங்கம். பள்ளி அலுவலகத்தில் அச்சாகும் காகிதங்களை நினைத்துப் பாருங்கள்: தேர்வுக்கு முந்தைய நாள் வினாத்தாள், மாணவர்களின் மாற்றுச் சான்றிதழ், பெற்றோரின் ஆதார் நகல், சாதிச் சான்றிதழ், ஆசிரியர்களின் ஊதியப் பட்டியல். இவை எல்லாம் இப்போது ஒரே கணினி வழியாகப் போகின்றன. வழங்கிக்கு வரும் ஒவ்வொரு கோப்பையும் கப்ஸ் தன் அச்சுக் கிடங்கு அடைவில் எழுதிவைக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் குறிப்புகள் கொண்ட ஒரு கோப்பும், ஆவணமே அடங்கிய இன்னொரு கோப்பும் அங்கே இருக்கும். அச்சு முடிந்தபின்னும் இயல்பு அமைப்பில் அந்த ஆவணம் 86,400 நொடி, அதாவது ஒரு முழு நாள், அழியாமல் அங்கேயே கிடக்கும். மறுபடி அச்சிட வேண்டுமானால் உதவும் என்பதற்காக வைத்த வசதி அது. வீட்டில் இருக்கும் அச்சுப்பொறிக்கு அதில் தவறில்லை. வினாத்தாள் அச்சாகும் இடத்துக்கு இது சற்றும் பொருந்தாது. அமைப்புக் கோப்பில் ஆவணங்களைப் பாதுகாக்க வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால், அச்சு முடிந்தவுடன் கோப்பு நீக்கப்படுகிறது. வேலைகளின் வரலாறு மட்டும் வேண்டுமானால் இருக்கட்டும். எத்தனை பக்கம், எப்போது என்ற அளவில் அது பயனுள்ளது.

கோப்பின் பெயரும் கவனிக்க வேண்டியதே. 'பத்தாம் வகுப்பு அறிவியல் இறுதி வினாத்தாள்' என்ற பெயர் வரிசைப் பக்கத்தில் எல்லோர் கைப்பேசியிலும் தெரிவது சரியல்ல. கப்ஸின் இயல்புக் கொள்கையில் வேலையின் பெயரும் அனுப்பியவர் பெயரும் உரியவருக்கும் நிர்வாகிக்கும் தவிர மற்றவர்களுக்கு மறைக்கப்படுகின்றன. வசதிக்காக இதைத் திறந்துவிடும்படி சிலர் கேட்பார்கள், நான் திறந்துவிடவில்லை. தன் வேலையின் எண் அனுப்பியவருக்குத் தெரியும், வரிசையில் அந்த எண் எங்கே நிற்கிறது என்பதும் தெரியும்; அதற்கு மேல் மற்றவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுமில்லை.

மூன்றாவது, வெளியுலகம். அச்சு வழங்கியை அலட்சியமாக விட்டவர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதற்கு அண்மைக்கால வரலாறே சாட்சி. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் நச்சுநிரல் பரவுவதற்குப் பயன்படுத்திய ஓட்டைகளில் ஒன்று விண்டோஸின் அச்சுச் சேவையில் இருந்தது. 2021 ஜூலையில் பிரிண்ட்நைட்மேர் என்று பெயர்பெற்ற ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. அந்த ஆகஸ்டு முதல் அச்சுப்பொறி டிரைவரை நிறுவவே நிர்வாகி உரிமை கட்டாயமானது. 2024 செப்டம்பரில் சிமோனே மார்கரிட்டெல்லி என்ற ஆய்வாளர் கப்ஸின் துணைச் சேவையான கப்ஸ் பிரவுஸ்டில் கடுமையான ஓட்டையை வெளிப்படுத்தினார். அந்தச் சேவை 631ஆம் போர்ட்டில் யாரிடமிருந்து வரும் யுடிபி அறிவிப்பையும் நம்பி, அவர் சொல்லும் அச்சுப்பொறியைச் சேர்த்துக்கொண்டது. பிறகு யாராவது அதில் அச்சுக் கொடுத்தால், அனுப்பியவர் நுழைத்துவைத்த கட்டளை வழங்கியில் இயங்கிவிடும்.

இந்தச் சேவையின் வேலை, நெட்வொர்க்கில் பிறர் பகிரும் அச்சுப்பொறிகளைத் தேடிப் பிடிப்பது. தன்னோடு யுஎஸ்பியில் இணைந்திருக்கும் அச்சுப்பொறியை மற்றவர்களுக்கு அறிவிப்பதைக் கப்ஸே அவாஹியின் துணையோடு செய்துகொள்கிறது. எனவே எங்களைப் போன்ற அமைப்பில் கப்ஸ் பிரவுஸ்டை அறவே நிறுத்திவிடலாம், நிறுத்தியும்விட்டேன். அதோடு, உள் நெட்வொர்க்கிலிருந்து வருபவர்களை மட்டும் அனுமதிக்கும் வரி அமைப்புக் கோப்பில் இருக்க வேண்டும். வீட்டிலிருந்தே பள்ளியின் அச்சுப்பொறிக்கு அனுப்ப ஆசைப்பட்டு ரவுட்டரில் 631ஆம் போர்ட்டைத் திறந்துவிட யாராவது கேட்டால் உறுதியாக மறுத்துவிடுங்கள்.

தமிழில் அச்சிடுவோருக்கென்று ஒரு விஷயம். பள்ளிகளில் பழைய வினாத்தாள்கள் பாமினியிலோ வானவில்லிலோ தட்டச்சு செய்யப்பட்டு வேர்டு கோப்பாக இருக்கின்றன. யூனிகோடைத் தமிழக அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டாலும் அந்தக் கோப்புகள் மறையவில்லை. அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் அதைத் திறந்து அச்சுக் கொடுத்தால், பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து வரும். வழங்கி கெட்டுவிட்டது என்று புகார் வரும். வழங்கிக்கு வந்ததே அப்படித்தான். எழுத்துரு இருக்கும் கணினியிலேயே பிடிஎஃப் ஆக மாற்றினால் எழுத்துரு உள்ளேயே பதிந்து வந்துவிடும். அதற்குப்பின் எங்கிருந்து அச்சிட்டாலும் சரியாக இருக்கும். ஆகவே தமிழ்க் கோப்புகள் பிடிஎஃப் வடிவில் மட்டுமே வரிசைக்கு வர வேண்டும் என்று ஒரு விதியே வைத்திருக்கிறோம். வெறும் எழுத்துக் கோப்பு யூனிகோடில் வந்தால் அதை விரிக்க வழங்கியிலேயே தமிழ் எழுத்துரு வேண்டும். லோகித் தமிழையோ நோட்டோவையோ பையில் நிறுவிவிடுங்கள்.

கட்டண ரசீதுக்காக டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறி வைத்திருக்கும் அலுவலகங்களில் வேறு வழி வேண்டும். அங்கே கணக்கு நிரல் வெறும் எழுத்துகளையே அனுப்பும். அதை இடையில் யாரும் மாற்றக்கூடாது. கப்ஸில் மாற்றம் ஏதும் செய்யாத வரிசை அமைக்கலாம், ஆனால் அந்த வகையைப் படிப்படியாகக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். பி910என்டி என்ற சிறு நிரல் 9100ஆம் போர்ட்டில் வருவதை அப்படியே யுஎஸ்பிக்குத் தள்ளிவிடுகிறது. ஓப்பன்டபிள்யுஆர்டி என்ற ரவுட்டர் இயங்குதளம் ஓடும், யுஎஸ்பி உள்ள ரவுட்டரிலேயே அதை வைத்துவிடலாம். அதற்கென்று வரிசையோ கிடங்கோ கிடையாது. ரசீது போடுபவர் ஒருவர்தான் என்பதால் அது பாதகமில்லை.

பக்கக் கணக்குக்குக் கப்ஸில் தனிப் பதிவேடு உண்டு. ஆனால் அதன் வடிவத்தை நாமே எழுதிக்கொடுத்தால்தான் அது எழுதத் தொடங்கும். ஒவ்வொரு வரியிலும் வரிசையின் பெயர், பயனர், நேரம், பக்க எண்ணிக்கை வருமாறு அமைத்திருக்கிறேன். ஆளுக்கு வாரத்துக்கு இத்தனை பக்கம் என்று வரம்பு விதிக்கவும் முடியும். நான் விதிக்கவில்லை. கடவுச்சொல் கேட்காத அமைப்பில் பயனர் பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றி அனுப்பலாம், ஆகவே அந்த வரம்பு நேர்மையானவரை மட்டுமே கட்டுப்படுத்தும். பதிவேட்டை டோனருக்காகத்தான் பார்க்கிறேன். 12ஏ டோனரின் அளவு சுமார் 2,000 பக்கம் என்று எச்பி சொல்கிறது. ரீஃபில் செய்த நாளிலிருந்து பக்கங்களைக் கூட்டிவந்தால், எழுத்து வெளிறத் தொடங்குவதற்கு முன்பே டோனர்க்காரரை வரச்சொல்லிவிடலாம். அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் அந்தக் கூட்டலைத் தவறாமல் பார்த்துவிடுகிறேன்.

வரவிருக்கும் கப்ஸ் 3இல் பழைய பாணி டிரைவர்களுக்கு இடம் இருக்காது. ஒவ்வொரு பழைய டிரைவரும் தன்னை ஓர் ஐபிபி அச்சுப்பொறியாகவே காட்டிக்கொள்ளும் தனிச் செயலியாக மாற வேண்டும். மைக்கேல் ஸ்வீட் அதற்கென்றே பாப்பிள் என்ற அடித்தளத்தை எழுதியிருக்கிறார். பழைய டிரைவர்களை அதற்குள் பொதிந்து தரும் செயலியை ஓப்பன்பிரிண்டிங்கும் உருவாக்கியிருக்கிறது. பள்ளியின் பையை இப்போதைக்கு 2.4இலேயே வைத்திருக்கிறேன். என் வீட்டில் இன்னொரு 1020 இருக்கிறது. கோடை விடுமுறையில் முதலில் அதைப் புதிய முறைக்கு மாற்றி, மின்சாரம் போய்வந்தபின் ஃபர்ம்வேர் தானாக ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே பள்ளிக்குக் கொண்டுபோவேன்.